பிள்ளைக்கு ஏற்ற படிப்பா, சாதிக்கு ஏற்ற படிப்பா?

போன மாதம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கூட்டம். நம்ம ஆட்கள் பதினைந்து இருபது பேர் இருக்கும். சேரிகளில் நாம் நடத்துகிற மாலைநேரப் பள்ளிகளைப் பற்றித்தான் பேச்சு. ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு அட்டை, புளியங்கொட்டை, பாட்டு, ஆட்டம் என்று வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம், ஒவ்வொரு பிள்ளையும் அதனதன் வேகத்தில் போகட்டும் என்று நான் சொன்னேன். ஒரு மூத்த தோழர் எழுந்தார்.

"இதெல்லாம் காசு இருக்கறவன் பிள்ளைக்குத் தம்பி. அவன் விளையாடிக்கினே படிப்பான், அவங்கப்பன் சொத்து அவனுக்குக் கீது. நம்ம பிள்ளைக்கு இங்கிலீசு வேணும், மார்க் வேணும். அவனுக்கு ஏத்த படிப்பு, இவனுக்கு ஏத்த படிப்புன்னு சொல்லிச் சொல்லித்தான் நம்மள இத்தினி காலமா வெளிய நிக்க வெச்சான்."

கைதட்டினார்கள். நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அவர் சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதி அத்தனை சரியாக இருப்பதால்தான் மீதிப் பாதி நமக்கு ஆபத்தாக இருக்கிறது. இது அன்றைக்கு நான் தர வேண்டியிருந்த பதில். அவருக்கு மட்டுமல்ல, கையில் பிரம்போடு மாலைப் பள்ளி நடத்திக்கொண்டிருக்கிற நம் எல்லோருக்கும். எனக்கும் சேர்த்துத்தான்.

சரியான பாதி

1953. ராஜாஜி முதலமைச்சர். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம்தான் வகுப்பு, மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதற்கு அவர் தரப்பில் சொன்ன நியாயங்களை இன்றைக்குப் படித்தால் யாருக்கும் இனிக்கும். நாலு சுவருக்குள் பிள்ளையை அடைக்கக் கூடாது, கையால் செய்து கற்க வேண்டும், உழைப்பை மதிக்க வேண்டும், கல்வி வாழ்க்கையோடு ஒட்டியிருக்க வேண்டும். எவ்வளவு அழகான வார்த்தைகள்!

ஆனால் வீட்டுக்குப் போனால் எந்தப் பிள்ளைக்கு என்ன காத்திருந்தது? அக்ரகாரத்துப் பிள்ளைக்கு அப்பாவின் ஏடும் கணக்கும். நம்ம பிள்ளைக்குச் செத்த மாடு, மலக்கூடை, பண்ணையாளுடைய சாட்டை. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று சரியான பேரை வைத்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போனது.

ஆக, "உனக்கு ஏற்ற படிப்பு" என்று எவனாவது சொன்னால் நம்ம சனங்களுக்கு முதுகு சில்லென்று ஆவது நியாயம்தான். ஏற்றது என்று யார் தீர்மானிப்பது? பிள்ளையைப் பார்த்துத் தீர்மானிக்கிறானா, பிள்ளையின் அப்பன் சாதியைப் பார்த்துத் தீர்மானிக்கிறானா? ராஜாஜி திட்டம் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. அது தெருவைப் பார்த்தது. அதனால் அது சாதிக்கு ஏற்ற படிப்பு.

தோழர் சொன்னதில் இதுவரைக்கும் எனக்கு ஒரு எழுத்துக்கூட மாறுபாடு கிடையாது.

பிரம்பின் நுனி

மீதிப் பாதிக்கு வருகிறேன். 'ஏற்ற படிப்பு' வேண்டாம் என்றால் வேறு என்ன இருக்கிறது? எல்லாருக்கும் பொதுவான வகுப்பு என்று ஒன்று இருப்பதாகத் தோழர் நினைக்கிறார். வாத்தியார் முன்னால் நின்று சொல்வார், நாற்பது பிள்ளை திருப்பிச் சொல்லும், வராதவனுக்கு அடி, வந்தவனுக்கு மார்க். இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கிறார்.

நான் ஒண்ணாவது படித்தது தாம்பரத்துக்கு மேற்கே ஒரு தொடக்கப் பள்ளியில். பேர் வேண்டாம். அப்பா குவாரியில் கல் உடைத்தார், அம்மா ஜல்லிக் கூடை தூக்கினாள். டீச்சர் சிலேட்டில் 'அ' எழுதிக் கொடுப்பார். பிள்ளைக்கு வரவில்லை என்றால் பின்னால் குனிந்து, கையைப் பிடித்து, எழுதின எழுத்தின் மேலேயே இழுக்க வைப்பார். 'அ'வுக்கு அந்தச் சுழி இருக்கிறதே, அது கண்ணால் பார்த்து வருவதில்லை. கை வழியாக உள்ளே போவது. எங்கள் வரிசைக்கு வந்ததும் டீச்சர் நிமிர்ந்துகொள்வார். பிரம்பை நீட்டி, "இங்க சுழி, இப்படி வளை, கீழ இழு" என்று காட்டுவார். நாங்கள் அஞ்சு பேர். அஞ்சு பேர் கையையும் அவர் பிடித்ததில்லை. எங்களை அடித்ததாகப் பெரிய நினைவு இல்லை. சாதி பேர் சொல்லித் திட்டியதும் கிடையாது. நல்ல டீச்சர் என்றுதான் ஊரில் பேர். பிரம்பின் நுனி மட்டும்தான் எங்கள் சிலேட்டுக்கு வரும்.

அந்த வருசம் எனக்கு 'அ' வரவில்லை. மக்கு என்று பேர் வந்தது. அந்த அஞ்சு பேரில் மூணு பேர் அஞ்சாவது முடிக்காமலே குவாரிக்குப் போனார்கள். எனக்கு எழுத்து வந்ததற்கு ஒரே காரணம் என் அக்கா. வாசலில் மண்ணைப் பரப்பி, என் விரலைப் பிடித்து எழுத வைத்தது அவள்தான்.

இப்போது சொல்லுங்கள். அந்த வகுப்பு எல்லாருக்கும் பொதுவா? அது ஒரு பிள்ளைக்கு மிகப் பொருத்தமாகத் தைத்த சட்டை. எந்தப் பிள்ளைக்கு? வீட்டில் புத்தகம் இருக்கிற பிள்ளைக்கு. சாயங்காலம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்கிற பிள்ளைக்கு. ஒரு நாளும் வகுப்புக்கு விடுப்பு எடுக்கத் தேவையில்லாத பிள்ளைக்கு. வீட்டில் பேசுகிற பேச்சும் புத்தகத்தில் இருக்கிற பேச்சும் ஒன்றாக இருக்கிற பிள்ளைக்கு. நம்ம பிள்ளை "அம்மா வூட்ல கீது" என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். அந்த ஒரு சிரிப்போடு பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வாய் திறக்காத பிள்ளைக்குப் படிப்பு எந்த வழியாகப் போகும்?

பொதுவான வகுப்பு என்கிறோமே, அதுவும் சாதிக்கு ஏற்ற படிப்புதான். ராஜாஜி வெளிப்படையாகச் சொன்னதை அது சொல்லாமல் செய்கிறது. அவர் மூணு மணி நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். இது நம்ம பிள்ளையை ஆறு மணி நேரம் உட்கார வைத்தே வெறும் ஆளாக வெளியே அனுப்புகிறது. அதைவிட மோசம், தோற்றது தன் மண்டைதான் என்று பிள்ளையையே நம்ப வைக்கிறது.

இது யாருடைய சொத்து?

விளையாட்டு, அட்டை, மணி எல்லாம் பணக்காரப் பிள்ளையுடையது என்று தோழர் சொன்னார். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று வேளச்சேரி ரோட்டில் போனால் அப்படித்தான் தெரியும். தெருவுக்கு ஒரு 'மாண்டிசோரி' போர்டு. உள்ளே வண்ண வண்ணக் கட்டைகள், ஏ.சி. அறை. அதற்குக் கட்டுகிற பணத்தில் நம்ம வீட்டில் ஒரு வருசம் அடுப்பெரியும். நம்ம பெண்களும் அந்தப் பள்ளிகளுக்குள் போகிறார்கள், ஆயாவாக. அந்தப் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டு, அந்தக் கட்டைகளைத் துடைத்து அடுக்கிவிட்டு வருகிறார்கள். அவர்கள் பெற்ற பிள்ளை அங்கே உட்கார முடியாது.

ஆனால் அந்தக் கட்டைகள் எங்கே பிறந்தன? மரியா மாண்டிசோரி முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தது 1907 ஜனவரி 6. இடம் ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்கிற ஏழைகள் குடியிருப்பு. அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகள் கட்டடத்துச் சுவரையெல்லாம் கிறுக்கிப் பாழாக்குகிறார்கள் என்று கட்டடக்காரர்கள் கவலைப்பட்டார்கள். பிள்ளைகளை ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்பு அவர் வேலை செய்தது, எதற்கும் லாயக்கில்லை என்று சமூகம் ஒதுக்கிய குறைபாடுள்ள பிள்ளைகளோடு. ரோமாபுரியின் கண்ணகி நகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைகளின் கையைப் பார்த்து, கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் இன்றைக்கு வேளச்சேரி ரோட்டில் விற்பனைக்கு இருக்கிறது.

அந்த அம்மா 1939 நவம்பரில் நம்ம அடையாறுக்கே வந்தார், பிரம்மஞான சபையின் அழைப்பில். நாடு முழுவதிலிருந்தும் வந்த ஆசிரியர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார். அவர் வந்த அதே அடையாறில் அதற்கு 45 வருசம் முன்னாலேயே, 1894இல், அதே சபையின் கர்னல் ஆல்காட் நம்ம பிள்ளைகளுக்கு ஒரு இலவசப் பள்ளியைத் திறந்திருந்தார். பஞ்சமர் பள்ளி என்று பேர். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அது பெருகியது. அந்தப் பள்ளிகளில் கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தார்கள். பாட்டும் கைவேலையும் பொருளைத் தொட்டுப் பார்ப்பதுமாகப் படிப்பு. பறையர் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறோம் என்று அந்தப் பள்ளிகளை நடத்திய திருமதி கோர்ட்ரைட் 1906இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆல்காட்டைக் கும்பிடச் சொல்லவில்லை. அவருடைய தயவு தொடக்கப் பள்ளியோடு நின்றது, அதற்கு மேலே கதவு திறக்கவில்லை. அயோத்திதாசர் போன்றவர்கள் அவரோடு சேர்ந்தும் நின்றார்கள், சேராமலும் நின்றார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். சென்னையில் கிண்டர்கார்டன் படிப்பின் பழைய சரித்திரத்தைத் தோண்டினால் அதில் நம்ம சேரிப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னும் கிட்டே வருவோம். தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் பரங்கிமலை. அங்கே 1883இல் பிறந்தவர் எம்.சி. ராஜா. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நம் மக்களின் குரலாக உட்கார்ந்தவர், அகில இந்தியத் தலைவர் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர் என்பதை மறந்துவிடுகிறோம். ஆர். அரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து 1930இல் 'கிண்டர்கார்டன் ரூம்' என்று மழலைகளுக்கான பாட்டுகள் கொண்ட ஒரு நூலை வெளியிட்டார். வட்டமேசை, தனித்தொகுதி, ஒப்பந்தம் என்று நாடே கொந்தளிக்கப்போகிற நேரம். அந்த நேரத்தில் நம்ம தலைவர் ஒருவருக்கு அஞ்சு வயதுப் பிள்ளை எப்படிப் பாடும், எப்படி ஆடும் என்று யோசிக்க நேரம் இருந்திருக்கிறது. நமக்கு நேரம் இல்லையா?

தோழர், இது பணக்காரன் சொத்து இல்லை. நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய், அலங்காரம் பண்ணி, விலைச்சீட்டு ஒட்டி வைத்திருக்கிறான். அதைப் பார்த்து "அவனுடையது" என்று நாமே எழுதிக் கொடுப்பதா?

ஏணியும் பாயும்

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று ஒரு முறை ஆரம்பமானது. ஏ.பி.எல். என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். அவர் வேலூரில் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமை வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்புச் சொல்லித் தருவது என்ற தேடலில் தொடங்கியது அது. பீடி சுற்றுகிற இடத்திலும் சூளையிலும் கிடந்துவிட்டு ஒன்பது வயதில் பள்ளிக்கு வருகிற பிள்ளையை அஞ்சு வயதுப் பிள்ளையோடு உட்காரவைத்து 'அ' சொல் என்றால் நடக்குமா? ஆந்திரத்து ரிஷிவேலியில் கிராமப் பிள்ளைகளுக்கென்று உருவாக்கிய அட்டை முறையைப் போய்ப் பார்த்து வந்தார்கள். மாண்டிசோரியிடமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய், 2007-08இல் தமிழ்நாட்டின் 37,000க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அன்றைக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரம் பக்கத்துப் பள்ளிகளுக்கும் அப்போதுதான் வந்தது.

நான் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். பாடத்தைச் சின்னச் சின்ன அட்டையாகப் பிரித்துத் தட்டுகளில் வைத்திருப்பார்கள். சுவரில் ஏணிப்படம். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம், ஒரு எண். பிள்ளை தானே ஏணியைப் பார்த்து, தன் படிக்குரிய அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு, தன் குழுவின் பாயில் போய் உட்காரும். ஆசிரியர் முழுசாக உதவுகிற குழு, கொஞ்சமாக உதவுகிற குழு, பிள்ளைக்குப் பிள்ளை உதவுகிற குழு, தானே செய்கிற குழு என்று தனித்தனி. சுவரின் அடியில் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, அதில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம். தலைக்கு மேலே கம்பிப்பந்தல், பிள்ளை எழுதினதும் வரைந்ததும் அதில் தொங்கும். ஆசிரியருக்கும் பாய்தான்.

இதில் இரண்டு விசயம் எனக்கு முக்கியம்.

ஒன்று, அந்தப் பாய். சிறுவன் அம்பேத்கர் வகுப்பில் தனியாக உட்காரத் தன் சாக்குத்துணியை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்த சாக்கை மற்றவன் தொடமாட்டான். அந்தச் சாக்குக்கும், எல்லாப் பிள்ளையும் ஆசிரியரும் ஒன்றாக உட்காருகிற பாய்க்கும் நடுவில் எத்தனை தூரம்! நாற்காலியிலிருந்து வாத்தியாரை இறக்கியது சின்ன வேலை இல்லை. இறங்க மனசில்லாமல் முணுமுணுத்தவர்கள் பலர்.

இரண்டு, அந்த ஏணி. நம்ம பிள்ளை ஏன் பின்தங்குகிறது? மண்டை இல்லாமலா? விடுப்பு. அம்மா சித்தாள் வேலைக்குப் போனால் தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும். அம்மை போடும். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். பதினைந்து நாள் கழித்து வந்தால் வகுப்பு நாலு பாடம் தாண்டிப் போயிருக்கும். ஒரு தடவை விட்டால் விட்டதுதான். ஏணியில் அப்படி இல்லை. பிள்ளை எந்தப் படியில் நின்றதோ அந்தப் படி அங்கேயே காத்திருக்கும்.

2019 டிசம்பரில் தீவுத்திடல் பக்கம் சத்தியவாணிமுத்து நகர் மக்களைப் பிடுங்கிப் பெரும்பாக்கத்தில் கொண்டுவந்து போட்டார்களே, படிப்பு ஆண்டின் நடுவில். நம்ம தலைவி பேர் வைத்த இடத்தையே இடித்தார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாமே அப்படி நிரம்பியவைதான். அந்தப் பிள்ளைகளுக்கு எந்த வகுப்பு பொருத்தம்? யாருக்காகவும் நிற்காமல் ஓடுகிற வகுப்பா, விட்ட இடத்தில் காத்திருக்கிற ஏணியா?

அப்படியென்றால் அது ஏன் நிலைக்கவில்லை? இங்கே நம்ம மேல் இருக்கிற குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். அரசு செய்த தப்பு முதலில். ரெண்டு ஆசிரியர் அஞ்சு வகுப்பைப் பார்க்கிற பள்ளிகளில் இந்த முறையையே சாக்காக வைத்து ஆசிரியர் இல்லாததை மூடினார்கள். அட்டை கிழிந்தால் புது அட்டைக்கு வழியில்லை. ஆசிரியரோடு பேசி வளர்க்க வேண்டியதை உத்தரவு போட்டு நடத்தினார்கள். அதைவிடப் பெரிய தப்பு, இதை அரசுப் பள்ளியோடு நிறுத்தியது. மெட்ரிக் பள்ளிக்காரனுக்கு இது கிடையாது. அப்போது சனங்களுக்கு என்ன தோன்றும்? "நம்ம பிள்ளைங்க மேலதான் சோதனை பண்றான்" என்றுதான் தோன்றும். நாமும் அதையே மேடையில் பேசினோம். புத்தகம் இல்லை, ஹோம்வொர்க் இல்லை, பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து விளையாடுகிறார்கள் என்று கேலி பண்ணினோம். எல்லாப் பள்ளிக்கும் இதைக் கொடு, ஆசிரியரைப் போடு, அட்டையைக் கொடு என்று போராடவில்லை. முறை மெல்ல மெல்லத் தேய்ந்து, புத்தகம் திரும்ப வந்தது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்திருக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பாடம். நல்லதுதான். ஆனால் கண்காணிக்க நாம் இல்லாவிட்டால், அரும்பு என்பதே நம்ம பிள்ளைக்கு இன்னொரு மக்கு முத்திரையாக மாற எத்தனை நாள் ஆகும்?

நம்ம கையில் பிரம்பு

இனி என் கதை. நாலு வருசத்துக்கு முன்னால் எங்கள் சேரியில் மாலைப் பள்ளி ஆரம்பித்தேன். பின்னால் அம்பேத்கர் படம், முன்னால் நான், கையில் ஒரு பிரம்பு. அடிக்க இல்லை, காட்ட. முப்பது பிள்ளைகளுக்கு எழுத்தைப் பலகையில் எழுதி, ஒவ்வொருத்தரிடமும் போய் சிலேட்டில் பிரம்பால் தட்டித் தப்பைக் காட்டுவேன். ஒரு நாள் ஆறு வயதுப் பெண் ஒருத்தி, சிலேட்டை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அண்ணா, நீகூட குச்சியாலதான் காட்டற."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவளுக்கு என் கதை தெரியாது. அவள் பள்ளிக்கூடத்தில் நடப்பதை வைத்துச் சொன்னாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த டீச்சரிடம் நான் 'அ' கற்கவில்லை, ஆனால் வாத்தியார் என்றால் எப்படி நிற்பது என்பதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன். நம்மை ஒடுக்கியவனின் வகுப்பறையை அப்படியே பேர்த்தெடுத்து வந்து சேரியில் நட்டுவிட்டு, அதன் மேல் நீலக்கொடி கட்டினால் அது விடுதலைப் பள்ளி ஆகிவிடுமா?

மறுநாள் பாய் வாங்கினேன். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி அட்டை செய்தோம், பிள்ளைகளே வெட்டினார்கள். 'அ'விலிருந்து ஆரம்பிக்கவில்லை. ட, ப, ம. நேர்க்கோடு இழுக்கத் தெரிந்தால் ட, ப ரெண்டும் வந்துவிடும். மூணு எழுத்தும் மேலே வைக்கிற ஒரு புள்ளியும் தெரிந்தால் பிள்ளை படம், மடம், பட்டம் என்று படித்துவிடும். முதல் வாரத்திலேயே 'எனக்குப் படிக்க வருது' என்கிற மிதப்பு வருகிறதே, அதை எந்த ஹோம்வொர்க்கும் தராது. புத்தகத்தில் 'ஒ'வுக்கு ஒட்டகம். தாம்பரத்தில் எவன் வீட்டு வாசலில் ஒட்டகம் கட்டியிருக்கிறான்? எங்கள் பிள்ளைகள் கொடுத்த சொற்கள் வேறு. கல்லு, லாரி, குட்டை, கொசு, கானா, பறை. 'வூடு' என்று சொன்னால் 'வூடு' என்றே எழுதிக் கொடுத்தேன். ஒரு மாசம் கழித்து அதற்குப் பக்கத்தில் 'வீடு' என்று எழுதி, ரெண்டும் ஒண்ணுதான், புத்தகத்தில் இப்படிப் போடுவார்கள் என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வாய் திறக்காத ரெண்டு பிள்ளைகள் அந்த மாசத்தில்தான் பேச ஆரம்பித்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை விடவில்லை. முப்பதில் ஏழெட்டுப் பிள்ளைகள் இன்னும் தடுமாறுகிறார்கள். ஒரு தாய் வந்து, "அடிச்சி சொல்லிக்குடு தம்பி, பாட்டு பாடினா வேலை கெடைக்குமா?" என்று சண்டை போட்டார். அவர் பிள்ளையின் அட்டையை அவர் கையிலேயே கொடுத்து, பிள்ளையைப் படிக்கச் சொன்னேன். படித்தான். அந்த அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். அட்டையைத் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் யாருடையதோ கல்யாணம். "இத நான் எடுத்துக்கினு போவட்டா?" என்று கேட்டார்.

கேட்க வேண்டியவை

தோழர் இங்கிலீசு வேணும் என்றார். வேணும். நானும் கேட்கிறேன். ஆனால் தன் மொழியில் வாய் திறக்கவே கூசுகிற பிள்ளைக்கு இங்கிலீசு எந்த வழியாக வரும்? 'வூடு'வில் ஆரம்பிக்கச் சொல்கிறேன், அங்கேயே நிறுத்தச் சொல்லவில்லை. மார்க் வேணும் என்றார். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் மார்க் வாங்க வேண்டிய பிள்ளை, ரெண்டாவதிலேயே 'நான் மக்கு' என்று முடிவு கட்டிக்கொண்டால் பத்தாவது வரைக்கும் எப்படி வரும்? 2019இல் அஞ்சாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு, அஞ்சாவதிலும் எட்டாவதிலும் தேறாதவனை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க விதியைத் திருத்தியது. தமிழ்நாடு ஏற்கவில்லை என்று சொல்லியிருக்கிறது. பத்து வயதில் வடிகட்டினால் சல்லடையில் யார் தங்குவார், யார் கீழே விழுவார் என்று நமக்குத் தெரியாதா?

நாம் கேட்க வேண்டியது இவைதான்.

சேரிக்குள்ளேயே, ஒழுகாத கட்டடத்தில், அங்கன்வாடி. அதில் பயிற்சி பெற்ற, நிரந்தரமான ஆசிரியர். 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். 2022இல் அதற்கு ஆள் போட்டது மாதம் 5,000 ரூபாய்க்கு. அஞ்சு வயதுப் பிள்ளைக்கு நாட்டில் வைத்த விலை அது.

வகுப்புக்கு ஒரு ஆசிரியர். முறையைக் காட்டி ஆளைக் குறைக்காதே.

அரசுப் பள்ளிக்கு ஒரு முறை, காசுப் பள்ளிக்கு ஒரு முறை என்பது கூடாது. பிள்ளைக்கு நல்லது என்றால் எல்லாப் பிள்ளைக்கும் நல்லதுதான்.

படிப்பு ஆண்டின் நடுவில் எந்தக் குடியிருப்பையும் இடிக்காதே. முதலில் இடிக்கவே இடிக்காதே.

கடைசியாக நமக்கு நாமே கேட்க வேண்டியது. நம்ம மாலைப் பள்ளிகளில் பிரம்பு வேண்டாம். காட்டுவதற்குக்கூட வேண்டாம். பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைப்போம். நம்ம கையை யாரும் பிடிக்கவில்லை என்பதால்தான் சொல்கிறேன்.

மூத்த தோழருக்கு: உங்கள் கோபம் என் கோபமும்தான். அதைப் பிள்ளைகள் தலையில் இறக்க வேண்டாம். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பள்ளிக்கு வாருங்கள். பிள்ளைகள் உங்களுக்கு ஒரு அட்டை எடுத்துக் கொடுப்பார்கள். நாற்காலி கிடையாது, பாய்தான்.